கார்ட்டர் குடும்பத்தார்: மலையடிவாரத்து மூவர்

ஜூபிலி மலர் என்றால் அதிலே கோபுரம் கட்டிய சுவாமியார் யார், மணி வாங்கிக் கொடுத்த குடும்பம் எது, ஆர்மோனியம் எந்த ஆண்டில் வந்து சேர்ந்தது என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கும். எழுத வேண்டியதுதான். ஆனால் நாம் தலைமுறை தலைமுறையாய்ப் பாடி வரும் பாட்டை நமக்குக் கொண்டுவந்து தந்தவர் யாரென்று கேட்டால், பாடற்குழுவின் மூத்தவர்களும் கையை விரிக்கிறார்கள். கோவிலுக்கு அடிக்கல் உண்டு, அதில் பெயரும் உண்டு. பாட்டுக்கு அது கிடையாது. இந்த எண்ணம் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த நாளில்தான் கடல் கடந்த ஒரு மலைநாட்டுக் குடும்பத்தின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், மெத்தடிஸ்ட் சபையார். ஆயினும் பாட்டு வீட்டிலிருந்து கோவிலுக்கும், கோவிலிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து உலகுக்கும் எப்படிச் செல்கிறது, செல்லும் வழியில் யார் யாருடைய பெயர் உதிர்ந்து போகிறது என்பதை இவர்கள் கதையைப் போல் தெளிவாகக் காட்டும் கதை வேறொன்றை நான் அறியேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் அதன் ஒரு கிளை கிளின்ச் மலை. மலையின் ஒரு புறத்துப் பள்ளத்தாக்குக்கு 'ரிச் வேலி', அதாவது வளமான பள்ளத்தாக்கு என்று பெயர்; மறுபுறம் 'புவர் வேலி', ஏழைப் பள்ளத்தாக்கு. மண்ணைப் பார்த்து வைத்த பெயர்கள். இந்த ஏழைப் பள்ளத்தாக்கில் மேசஸ் ஸ்பிரிங் என்ற சிற்றூரில் 1891-இல் பிறந்தவர் ஆல்வின் பிளெசன்ட் கார்ட்டர். ஊரார் ஏ.பி. என்பார்கள். பிறவியிலேயே கையிலும் குரலிலும் ஒரு நடுக்கம் அவருக்கு உண்டு. ஊரிலே மவுண்ட் வெர்னன் என்ற சிறு மெத்தடிஸ்ட் ஆலயம். அவருடைய தாய்மாமன் ஒருவர் அங்கே பாட்டுப் பள்ளி நடத்தினார், ஏ.பி. அந்தப் பாடற்குழுவில் பாடி வளர்ந்தவர்.

இளைஞரானதும் பழமரக் கன்றுகளை ஊர் ஊராக விற்கப் புறப்பட்டார். மலையைக் கடந்து காப்பர் கிரீக் என்ற இடத்துக்குச் சென்றபோது, ஒரு வீட்டில் சாரா டௌர்ட்டி என்ற பெண் ஆட்டோஹார்ப் மீட்டிப் பாடிக்கொண்டிருந்தார். கட்டைகளை அழுத்திக்கொண்டு வருடினால் சுரக்கூட்டு எழும் தந்திக்கருவி அது. கன்று விற்கப் போனவர் கலியாணம் பேசித் திரும்பினார் எனலாம். 1915 ஜூன் 18-ஆம் நாள் திருமணம் நடந்தது. பதினோராண்டு கழித்து ஏ.பி.யின் தம்பி எஸ்ரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கையான மேபெல் என்பவரை மணந்து அதே பள்ளத்தாக்குக்கு அழைத்து வந்தார். மேபெலுக்குக் கித்தார் கைவந்த கலை. இப்படி ஒரு வீட்டில் குரல், அடுத்த வீட்டில் கித்தார், நடுவே பாட்டின் மேல் தீராப் பசி கொண்ட ஒரு மனிதர். குழு தானாகவே அமைந்துவிட்டது.

இன்று 'கன்ட்ரி மியூசிக்' என வழங்கும் அந்நாட்டு நாட்டுப்புற இசை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவந்த கதைப்பாடல்கள் ஒருபுறம். ஆலயத்தில் பாடிய ஞானப்பாட்டுகள் ஒருபுறம். அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பாட்டும் தாளமும் பாஞ்சோ என்ற வாத்தியமும் ஒருபுறம். இம்மூன்றும் மலைநாட்டில் கலந்தன. 1923 வாக்கில் இசைத்தட்டுக் கம்பெனிகள் இதற்கும் விலை உண்டு எனக் கண்டுகொண்டன. அதைக் கண்டுகொண்டவர்களுள் முதன்மையானவர் ரால்ப் பியர்.

இந்தப் பியர், விக்டர் கம்பெனிக்காக, 1927 ஜூலை கடைசியில் பிரிஸ்டல் நகருக்கு வந்து இறங்கினார். அந்நகரின் கடைத்தெரு நடுவேதான் வர்ஜீனியாவுக்கும் டென்னசிக்கும் எல்லை. ஒரு பழைய தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தின் மாடியில் சுவர்களில் கம்பளங்களைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். பாடத் தெரிந்தவர் வரலாம், பாட்டுக்கு 50 டாலர் என்று செய்தி பரவிற்று. ஏ.பி. புறப்பட முடிவு செய்தார். சாராவுக்கும் மேபெலுக்கும் அதில் அவ்வளவு விருப்பமில்லை. ஏனெனில் மேபெல் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி, வயது 18. சாராவின் கையிலோ ஜோ என்ற பால்குடிக் குழந்தை. தம்பியின் மோட்டார் வண்டியை இரவல் கேட்டார் ஏ.பி.; அதற்கு ஈடாகத் தம்பியின் சோளக்கொல்லையில் களை எடுத்துத் தருவதாக ஒப்பந்தம்! ஏறக்குறைய 25 மைல் வழி. ரோடு என்று சொல்லத்தக்க ரோடில்லை. டயர் வெடித்து, ஒட்டி, மீண்டும் வெடித்து, ஒரு பகல் முழுவதும் ஓடிவிட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மகள் கிளாடிஸ் உடன் சென்றாள்.

ஆகஸ்ட் 1-ஆம் நாள் மாலை நான்கு பாட்டுகள் பதிவாயின. சாராவின் குரல் காதில் விழுந்த கணமே தாம் முடிவு செய்துவிட்டதாகப் பியர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை இரண்டு பாட்டுகள். அன்று ஏ.பி. அங்கில்லை, பெண்கள் இருவர் மட்டுமே. அந்த இரண்டில் ஒன்று, மணமாகாத பெண்ணின் நடமாட்டத்தையும், மணமான பெண்ணின் தொட்டிலாட்டும் பிழைப்பையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் பழம்பாட்டு. சாராவுக்கு அந்தப் பாட்டே பிடிக்காது. பியர் வற்புறுத்தியதால் பாடினார். கணவன் இல்லாத கூடத்தில், வெளியே மகளிடம் குழந்தையை விட்டுவிட்டு, பிடிக்காத அந்தப் பாட்டை அவர் பாடியதை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. அந்தத் தட்டுதான் பின்னர் மிக நன்றாக விற்றது.

அந்தப் பன்னிரண்டு நாளில் 19 குழுவினர் அங்கே பாடினர். இரண்டு நாள் கழித்து வந்து பாடிய காசநோயாளியான ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்பவரும் பெரும்புகழ் பெற்றார். பிரிஸ்டலில் தேறி எழுந்தவர்கள் அவரும் கார்ட்டர் குடும்பத்தாரும்தாம். 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், அழியாது காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் முதற் பட்டியலில் பிரிஸ்டல் பதிவுகளையும் சேர்த்தது.

இனிதான் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம். பியர் கம்பெனியிடமிருந்து பெயருக்கு மட்டுமே சம்பளம் வாங்கினார். அவருடைய உண்மை வருமானம் பாட்டுகளின் பதிப்புரிமை. ஒரு பாட்டு யாராவது ஒருவர் பெயரில் பதிவானால்தான் உரிமைப்பணம் வரும். ஆகவே ஏற்கெனவே தட்டில் வந்த பாட்டு அவருக்கு உதவாது. இதுவரை எவரும் பதிவு செய்யாததும், மக்களுக்குப் பழகிய சாயலில் இருப்பதுமான பாட்டு வேண்டும். அத்தகைய பாட்டுக்கு எங்கே போவது? மலைக்குள்தான் போக வேண்டும். ஏ.பி. போனார். நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் போனார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியிடம், சுரங்கத்தொழிலாளியிடம், ஆலயத்தின் பழைய பாட்டுப் புத்தகத்தில், எங்கே ஒரு பாட்டின் துண்டு கிடைத்தாலும் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, விட்டுப்போன அடியை நிரப்பி, தாறுமாறான கண்ணியைச் சீராக்கி, சாராவும் மேபெலும் பாடத்தக்கதாய் அமைத்தார். தட்டில் அச்சானது 'ஏ.பி. கார்ட்டர்' என்ற ஒரே பெயர்.

1899-இல் வெளிவந்த ஒரு ஞாயிறுபள்ளிப் பாட்டுதான் இக்குழுவின் அடையாளப் பாட்டாகிய 'கீப் ஆன் தி சன்னி சைடு'. 1907-இல் ஏடா ஹேபர்ஷோன் அம்மையார் எழுதிச் சார்ல்ஸ் கேப்ரியேல் இசையமைத்த, மோட்சத்தில் மீண்டும் ஒன்றுகூடுவதைப் பற்றிய ஞானப்பாட்டு ஒன்றை எடுத்து, அதில் தாயின் சவ ஊர்வலத்தைக் காணும் மகனின் துயரத்தை வைத்து, 1935-இல் பதிவு செய்தார்கள். அது இன்று உலகறிந்த பாட்டு. 'வைல்ட்வுட் ஃபிளவர்' 1860-இல் அச்சான ஒரு கூடத்துப் பாட்டு. வாய்மொழியாய் அறுபது எழுபது ஆண்டு வந்ததில் பூக்களின் பெயர்களெல்லாம் திரிந்து பொருள் விளங்காமலாகிவிட்டது. சாரா அதை அப்படியே பாடினார். நமக்கு இது வியப்பன்று. 'தாந்தும் ஏர்கோ' நம்மூர்ப் பெரியவர் வாயில் என்ன பாடு படுகிறது என்பதை ஆசீர்வாதத்துக்கு வருகிற எல்லோரும் அறிவர். பக்திக்கு அதனால் குறைவொன்றும் வந்ததில்லை.

பாட்டு தேடிய பயணங்களில் ஏ.பி.க்கு ஒரு தொல்லை இருந்தது. சொற்களை எழுதிக்கொள்வார், மெட்டு நினைவில் நிற்காது. அந்தக் குறையைத் தீர்த்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினத்தவர். டென்னசியைச் சேர்ந்த கிங்ஸ்போர்ட் நகரில் வாழ்ந்தவர். சிமெண்டு ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர்; வலக்கையில் விரல்களும் குறை. ஆயினும் கித்தாரில் வல்லவர். ஒருமுறை கேட்டால் மெட்டு அவர் நெஞ்சில் பதிந்துவிடும். இருவருமாய் ஏறக்குறைய பதினைந்து பயணங்கள் போனதாகச் சொல்லப்படுகிறது. ஏ.பி. சொல்லைச் சுமந்தார், ரிடில் மெட்டைச் சுமந்தார். நிறவேற்றுமைச் சட்டம் கொடுமையாய் இருந்த காலம் அது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தியில் உண்ணக் கூடாது, ஒரே விடுதியில் தங்கக் கூடாது. இதனை நம் ஊர்களில் யாருக்கும் விரித்துரைக்கத் தேவையில்லை. அந்நாளில் ரிடில் கார்ட்டர் வீட்டிலேயே நாட்கணக்கில் தங்கினார். மேபெலுக்குக் கித்தாரில் சில நுட்பங்களைக் காட்டிக்கொடுத்தார். கறுப்பின மக்களின் ஞானப்பாட்டுகள் பல அவர் வழியாகவே இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தன.

வீட்டுக்குள் அழைத்த பெருமை ஏ.பி.க்கு உரியது. ஆனால் தட்டின் மேல் ரிடில் பெயர் வரவில்லை. உரிமைப்பணமும் போகவில்லை. அவர் 1942-இல் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகருக்குப் போனார்; சில ஆண்டுகளில் தம் கித்தாரையும் விற்றுவிட்டார். 1965-இல் மைக் சீகர் என்ற இசைஞர், மேபெல் சொல்லக் கேட்டுத் தேடிச் சென்று அவரைக் கண்டார். மீண்டும் வாசிக்கச் செய்து பதிவு செய்தார். அப்பதிவுகள் தட்டாக வெளிவந்தது 1993-இல். அதைக் காண ரிடில் உயிரோடில்லை.

மேபெலின் கைத்திறனைப் பற்றியும் சொல்லாமல் விட இயலாது. அதுவரை கித்தார் பெரும்பாலும் பக்கவாத்தியம். குரலுக்குப் பின்னால் ஜங் ஜங் என்று தாளம் கட்டும். மேபெல் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் பாட்டின் மெட்டை எடுத்தார். அதே வேளையில் மற்ற விரலால் மெல்லிய தந்திகளை மேலும் கீழும் வருடித் தாளமும் கொடுத்தார். ஒருவர் இருவராய் வாசிப்பது போல் இருக்கும். யாரிடமும் கேளாமல், குழுவில் மூவரே இருந்ததால் வந்த தேவைக்காகத் தாமே கண்டுகொண்ட முறை. பிற்காலத்தில் கித்தார் கற்றவர்கள் அதையே முதற் பாடமாகக் கொண்டார்கள். 275 டாலர் கொடுத்து வாங்கிய அவருடைய கித்தார் இப்போது நாஷ்வில் நகர இசைக் காட்சியகத்தில் இருக்கிறது.

தட்டுகள் விற்றன, பேர் பரவிற்று. ஆனால் வாழ்க்கை மாறிற்றா என்றால் பெரிதாக இல்லை. பள்ளிக்கூடங்களிலும் ஆலயங்களிலும் 15 சென்ட், 25 சென்ட் கட்டணத்துக்குப் பாடினார்கள். நிகழ்ச்சி ஒழுக்கத்துக்கு ஊறு செய்யாதது என்று விளம்பரத் தாளிலேயே அச்சடித்தார் ஏ.பி. பொருளாதார மந்தம் வந்து தட்டு வாங்க ஆளில்லாமல் போனபோது, வேலை தேடி டெட்ராய்ட் நகருக்கும் போய் வந்தார்.

வீட்டில் விரிசல் கண்டது இக்காலத்தில்தான். கணவர் பாட்டு தேடிப் போன வாரங்களில் மூன்று பிள்ளைகளையும் நிலத்தையும் விறகையும் தனியே பார்த்தவர் சாரா. ஏ.பி.யின் உறவினரான காய் பேய்ஸ் என்பவர் வீட்டுக்கு உதவியாய் வந்து போனார். அது அன்பாய் மாறிற்று. இரு குடும்பத்தாரும் அறிந்து, பேய்ஸ் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தது. 1933 வாக்கில் சாரா வீட்டை விட்டு மலைக்கு அப்பால், தாம் வளர்ந்த இடத்துக்கே போய்விட்டார். 1936-இல் மணமுறிவு. மணமுறிவுக்கு நியாயம் பேச நான் முற்படவில்லை. திருச்சபையின் போதனையை இங்கே மறுபடி சொல்லவும் தேவையில்லை. ஆனால் ஊரார் பாட்டையெல்லாம் சேர்க்கப் போனவர், தம் வீட்டில் பாட்டு நின்றதைக் கவனிக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஏ.பி. மறுமணம் செய்துகொள்ளவேயில்லை.

வியப்பு என்னவென்றால், குழு உடையவில்லை. பியரும் அவர் மனைவியும் எடுத்துச் சொல்ல, சாரா ஒலிப்பதிவுக்கு மட்டும் வந்தார். பிரிந்த இருவரும் ஒரே ஒலிவாங்கியின் முன் நின்று பாடினார்கள். கம்பெனி மாறிற்று, நகரம் மாறிற்று. பாட்டின் தரம் குன்றவில்லை. ஏ.பி.யின் வழக்கம் விசித்திரமானது. மனம் வந்தால் கீழ்க்குரலில் சேர்வார், வராவிட்டால் ஜன்னலோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். தட்டுகளில் அவர் குரல் திடீரென்று வருவதும் காணாமற் போவதும் இன்றும் கேட்கிறது.

1938-இல் டெக்சாஸ் எல்லைக்குப் போனார்கள். ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோ மண்ணில் 'எக்ஸ்.இ.ஆர்.ஏ.' என்ற வானொலி நிலையம். நடத்தியவர் டாக்டர் பிரிங்க்லி. ஆட்டின் சுரப்பியை மனிதருக்கு வைத்து இளமை தருவதாகச் சொல்லிப் பணம் குவித்து, கேன்சாஸ் மாநிலத்தில் வைத்திய உரிமம் பறிக்கப்பட்டவர்! அமெரிக்கச் சட்டம் ஒரு நிலையத்துக்கு 50,000 வாட் என வரம்பு கட்டியிருக்க, இவர் எல்லைக்கு அப்பால் நின்று அதற்குப் பத்து மடங்கு வரை ஒலிபரப்பினார் என்பார்கள். 1952-இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கியபோது நம் பெற்றோர் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பியது நினைவுக்கு வருகிறது. கார்ட்டர் குடும்பத்தாரின் பாட்டு கண்டம் முழுவதும் கேட்டது. பாட்டுக்கு நடுவே டானிக்குக்கும் நரைமயிர்ச் சாயத்துக்கும் விளம்பரம். ஆளுக்கு வாரம் 75 டாலர்; அவர்கள் கண்ட முதல் நிலையான சம்பளம்.

1939 பிப்ரவரியில் ஒருநாள் சாரா அந்த ஒலிவாங்கியில், இந்தப் பாட்டு கலிபோர்னியாவில் இருக்கும் காய் பேய்ஸுக்கு என்று சொல்லிவிட்டு, பிரிந்தவனின் நீல விழிகளை நினைத்துப் பாடும் தங்கள் பழைய பாட்டொன்றைப் பாடினார். ஆறாண்டாய் இருவருக்கும் கடிதத் தொடர்பு அற்றிருந்தது. பேய்ஸ் அதைக் கேட்டார், வண்டியெடுத்து வந்தார், அம்மாதம் 20-ஆம் நாள் திருமணம் நடந்தது. ஏ.பி. அதன் பின்னும் அதே நிகழ்ச்சியில் பாடினார். அவர் நெஞ்சில் என்ன இருந்தது என்பதை எவரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்நாளில் பிள்ளைகளும் சேர்ந்தார்கள்: ஏ.பி.யின் மகள் ஜேனட், மேபெலின் மகள்கள் ஹெலன், ஜூன், அனிட்டா. 1941-இல் 'லைஃப்' பத்திரிகை மலைக்கே வந்து படமெடுத்தது. டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட, அக்கட்டுரை வெளிவரவேயில்லை. அதே ஆண்டோடு ஒலிப்பதிவும் முடிந்தது. 250-க்கு மேற்பட்ட பாட்டுகள் பதிவாகியிருந்தன. 1943 மார்ச்சில் வட கரோலினாவின் சார்லட் நகர வானொலி ஒப்பந்தம் முடிந்ததும் மூவரும் பிரிந்தார்கள். சாரா கலிபோர்னியாவுக்கு, மேபெல் தம் மகள்களோடு புதிய குழுவாய் வானொலிக்கு, ஏ.பி. தனியே ஏழைப் பள்ளத்தாக்குக்கு.

ஊரில் ஒரு மளிகைக் கடை வைத்தார் ஏ.பி. 1950-களில் சாராவோடும் பிள்ளைகளோடும் சிறு கம்பெனி ஒன்றுக்குச் சில பாட்டுகள் பாடியும் எடுபடவில்லை. 1960 நவம்பரில் காலமானார். அதற்குப் பிறகுதான் கல்லூரி மாணவர்களிடையே பழம்பாட்டின் மேல் மோகம் பிறந்து, இவர்கள் பாட்டுகள் எல்லோர் வாயிலும் வந்தன. வுடி கத்ரி 1940-இல் நாட்டைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற பாட்டின் மெட்டே இவர்களுடையதுதான். அந்நாளில் மேபெல், பாட்டு வேலை குறைந்து நாஷ்வில் நகரில் இரவு நேரங்களில் நோயாளிகளுக்குத் துணையிருந்து பிழைத்தவர். அவரைத் தேடி இளைஞர்கள் மேடைக்கு அழைத்துச் சென்றார்கள். மகள் ஜூன் 1968-இல் பாடகர் ஜானி கேஷை மணந்தார். 1970-இல் கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் மூவர் பெயரும் சேர்க்கப்பட்டன. அப்பெருமை பெற்ற முதற்குழு இதுவே. மேபெல் 1978-இலும் சாரா 1979-இலும் மறைந்தனர்.

தந்தையின் படுக்கையருகே, அவர் பாட்டை அழிய விடமாட்டேன் என்று ஜேனட் வாக்குக் கொடுத்திருந்தார். 1974-இல் அந்தப் பழைய மளிகைக் கடையிலேயே சனிக்கிழமை மாலைகளில் பாட்டு நடத்தத் தொடங்கினார். கூட்டம் தாங்காமல் 1976-இல் அருகே ஒரு கொட்டகை எழும்பிற்று. மதுவுக்கு அங்கே இடமில்லை; மின்சார வாத்தியத்துக்கும் இடமில்லை. ஜானி கேஷுக்கு மட்டும் பின்னதில் விலக்கு அளித்தார்கள். 2003 ஜூலையில் அவர் கடைசியாகப் பொதுமக்கள் முன் பாடிய மேடையும் அதுவே. கொட்டகையைக் கட்டியவர் ஜேனட்டின் தம்பி ஜோ. 1927-இல் பிரிஸ்டலில், தாய் பாடி முடிக்கும் வரை அக்காள் தோளில் கிடந்த பால்குடிக் குழந்தை அவர்தாம்.

சாரா இறந்தது கலிபோர்னியாவில். உடலை மவுண்ட் வெர்னன் ஆலயத்துக்குக் கொண்டுவந்து, ஏ.பி. இருக்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். இரு கல்லறைகளிலும் இளஞ்சிவப்புப் பளிங்குக்கல், அதில் ஒரு இசைத்தட்டின் வடிவம். ஏ.பி.யின் தட்டில் பொறித்திருப்பது அந்த ஞாயிறுபள்ளிப் பாட்டின் பெயர்.